அலுமாரிக்குப் பின்னால் இருந்த நிழல்

என் கணவர் பிறேமின் தங்கை ஜெசிதாவுக்குக் கண் தெரியாது. சிறு வயதில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது. போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து அலைந்த காலம் அது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் கிடந்து, தலையிடிக்குது, தலையிடிக்குது என்று அழுதாளாம். கண் வைத்தியர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பார்வை போய்விட்டது. பிறகு விடுதியில் நின்று பிரெயில் புள்ளி எழுத்துப் படித்தாள். பல்கலைக்கழகம் போய் ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தாள். இப்போது நாற்பதைத் தொடுகிறாள்.

நான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்கு வந்த முதல்நாள், இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் இனி என் பொறுப்பு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே அவள் குசினியில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"மச்சாள், கதிரையளை மட்டும் இடம் மாத்திப் போடாதேங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றாள்.

அவளுடைய வேலை மொழிபெயர்ப்பு. எழுத்தில் அல்ல, வாயால். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு, உடம்புக்கு என்ன செய்கிறது என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வராது. டொக்டர் சொல்வதும் விளங்காது. அப்படி ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது இங்கே ஜெசிதாவின் கணினிக்கு அழைப்பு வரும். அவள் டொக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொல்வாள். அங்கே காலை விடிந்து ஆஸ்பத்திரி சுறுசுறுப்பாகும் நேரம் இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். அப்போது அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே என்ன கதை நடந்தது, ஆருக்கு என்ன நோய் வருத்தம் என்று வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அது வேலையின் சட்டம். நாங்களும் கேட்பதில்லை.

ஒருநாள் அவள் பாதியில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"லைன் அறுந்திட்டுது."

"திருப்பி எடுக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"அவை அழைப்பை வேறை ஆளுக்கு மாத்தியிருப்பினம். டொக்டர் ஒரு பெரிய விசயத்தைச் சொல்லத் தொடங்கினவர், மச்சாள். நான் அரைவாசியைத்தான் தமிழிலை சொன்னனான். அந்த மனிசன் மற்ற அரைவாசி தெரியாமல் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?"

இதற்கு முன்பும் சில தடவை குரல் விக்கியதுண்டு. வேலை தந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அவர்கள் கோபப்படவில்லை. ஆனால் வீட்டு இணைப்பைச் சீர்செய்யும் வரை அழைப்புத் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள். நோயாளிகளின் அந்தரங்கம் அந்த இணைப்பு வழியாகத்தான் போகிறது, அது வெளியாட்கள் கை வைக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா? எங்கள் வைஃபையின் கடவுச்சொல் இந்தக் குறுகிய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரியும். ஜெசிதா அதை மறைக்காமல் சொன்னாள்.

பிறேம் அன்று வேலையால் வந்ததும் விசயத்தைக் கேட்டுவிட்டு, "ரவுட்டர் பெட்டி பழசு, ஜெசி. நாளைக்கு டவுணிலை புதுசு ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்," என்றார்.

"வாங்கலாம் அண்ணை. ஆனால் என்ன பிழையெண்டு தெரியாமல் வாங்கினால் புதுசும் இதையேதான் செய்யும். முதல்லை இதை ஒருக்கால் விளங்கிக்கொள்ளுவம்."

"அப்ப உன்ரை கணினிக்கு ஒரு வயரை இழுத்துவிடட்டே?"

"நிலத்திலை வயர் கிடந்தால் நான் விழுவன். சுவரிலை துளை போடலாமெண்டால் போடுங்கோ."

பிறேம் துளைபோடும் மிஷினைக் கொண்டுவந்து பின்னறைச் சுவரில் வைத்துப் பார்த்தார். எங்கள் வீடு பழைய சுண்ணாம்புக்கல் வீடு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. துளை உள்ளே போகப் போகக் கல் உதிர்ந்து கொட்டியதே தவிர மறுபக்கம் வரவில்லை. என் மாமியாரின் காலத்துச் சுவர் இடிந்துவிடும் என்ற பயத்தில் அவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

அடுத்த சில நாட்கள் ஜெசிதா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ரவுட்டரைப் பற்றிப் படித்தாள். படித்தாள் என்றால், கைபேசி வாசிக்க அவள் கேட்டாள். அது வாசிக்கும் வேகத்தை ஒருமுறை நானும் கேட்டுப் பார்த்தேன். தகரத்தில் மழை கொட்டுவது மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. அவளோ அந்த இரைச்சலைக் கேட்டபடியே கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், பெட்டியின்ரை அடிப்பக்கத்திலை ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதை வாசியுங்கோ."

ரவுட்டர் ஹோல் என்கிற நடுக்கூடத்தின் மூலையில், ரீவீ வைத்திருக்கும் மரத் தட்டுக்குள் இருந்தது. வீதியிலிருந்து ஃபைபர் கம்பி உள்ளே வரும் இடம் அது. பெட்டியைப் பொருத்த வந்த ஆட்களிடம் நாங்களே அந்த மூலையைத்தான் காட்டியிருந்தோம், வடிவாக மறைந்திருக்கட்டும் என்று. தூசியைத் தட்டி, தலைகீழாகப் பிடித்து வாசித்தேன். ரவுட்டருக்குள் நுழையும் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.

"அதேதான் இன்னும் கிடக்கோ?" என்று பிறேம் கேட்டார்.

ஜெசிதா கணினியில் அதைத் தட்டினாள். உடனே திறந்தது.

"பாத்தியளே. பின்வாசல் இவ்வளவு காலமும் திறந்தே கிடந்திருக்கு. எங்கடை வைஃபை தெரிஞ்ச ஆரும் இதுக்குள்ளை வந்து, எங்களை வெளியிலை விட்டுப் பூட்டியிருக்கலாம். நான் கதைக்கிற கதை போற பாதையையே மாத்திவிட்டிருக்கலாம்."

தினமும் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறவர்கள் நாங்கள்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் அவள் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைச் செய்து வைத்தவர்கள் கண் தெரியாதவர்களை நினைக்கவே இல்லைப் போல. திரையில் எனக்குப் படங்களோடு அழகாகத் தெரிந்ததெல்லாம் அவளுக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன்.

"பொறுங்கோ. எனக்கு இடம் பிடிபடட்டும்."

ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, என்ன திறக்கிறது என்று கேட்டு, திரும்பி வந்து, அடுத்ததை அழுத்தினாள். புதிதாக ஒரு வீட்டுக்குள் போனால் சுவரைத் தடவி அறைகளை அறிந்துகொள்வாள் அல்லவா, அதேபோல. மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

உள்ளே நுழையும் கடவுச்சொல்லை மாற்றினாள். வைஃபையின் பூட்டைப் புதிய முறைக்கு மாற்றினாள். ஒரு பட்டனை அழுத்தினாலே ஆரையும் சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது, அதை நிறுத்தினாள். வெளியூரிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வழியும் திறந்துதான் கிடந்தது. அதையும் அடைத்தாள். புதிய வைஃபைக் கடவுச்சொல்லுக்கு எங்கள் இருவரிடமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்களைக் கேட்டாள்.

"பிறந்த தேதி, பேர், கோயில் ஒண்டும் வேண்டாம். ஆரும் ஊகிக்கேலாத சொல்லாச் சொல்லுங்கோ."

பிறேம் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். அவள் தன்னுடையதையும் சேர்த்து நீளமாக ஒன்றைக் கோத்தாள். அது என்ன என்று இங்கே எழுத முடியாது. ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

கடைசியாக, பெட்டியின் உள்ளே ஓடும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "இது முடியுமட்டும் கரண்ட் போகக்கூடாது. நடுவிலை போனால் பெட்டி செத்துப்போகவும் கூடும்," என்றாள். யாழ்ப்பாணத்தில் கரண்டை நம்பி ஒரு காரியம் தொடங்குவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தோம். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறேம் மின்விசிறியைக்கூட நிறுத்தினார், அதனால் என்ன பயன் என்று அவருக்கும் தெரியாது. பிறகு ஒரு பச்சை விளக்கு மினுங்கியது, அடுத்தது மினுங்கியது. "வந்திட்டுது, ஜெசி!" என்று நான் கத்தினேன்.

பூட்டும் வேலை முடிந்தது. ஆனால் பின்னறையில் இணைப்பு இன்னும் விக்கிக்கொண்டுதான் இருந்தது. இனித்தான் நான் சொல்ல வந்த காட்சி.

ஜெசிதா கைபேசியில் ஒரு செயலியை இறக்கியிருந்தாள். வைஃபை பலமாக இருக்கும் இடத்தில் அது கீச்சுக் குரலில் கூவும். பலம் குறையக் குறையக் குரல் தடித்து அடங்கும். அவள் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றாள். பிறகு மிக மெதுவாக நடக்கத் தொடங்கினாள். ஒரு அடி வைப்பாள், நின்று கேட்பாள். கையை உயர்த்துவாள், தாழ்த்துவாள். ஒலி ஏறி இறங்கி அவளோடு போனது. வாசல் நிலையைத் தாண்டும்போது கூவியது, சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் முனகியது. நாங்கள் இத்தனை வருசம் நடந்து திரிந்த அதே வீட்டுக்குள் வேறொரு வீடு இருந்தது. அதற்கு மேடும் பள்ளமும் இருந்தன. அதன் ஊடாக அவள் ஒருத்திதான் வழி தெரிந்து நடந்துகொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வந்தபோது ஒலி அப்படியே அடங்கிப்போனது. ஜெசிதா நின்றாள். கையை நீட்டிக் காற்றைத் தடவினாள்.

"இதிலை ஒரு நிழல் விழுது," என்றாள்.

பிறேம் அந்த இடத்துக்குப் போய் நின்று மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

"உங்களுக்கும் தெரியாது அண்ணை. ஆருக்கும் தெரியாது. இந்த விசயத்திலை எல்லாருக்கும் கண் இல்லைத்தான்."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. விளையாட்டாகவும் சொல்லவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. எங்களோடு சேர்ந்து அவளும் முதன்முதலாக ஒரு பொருளை ஒரே மாதிரிப் பார்க்கிறாள் என்பது போல.

"இரும்பு அதை மறிச்சுப்போடும், மச்சாள். ரீவீக்குப் பக்கத்து மூலையிலை பெட்டி, நடுவிலை அலுமாரி, அதுக்குப் பிறகு எங்கடை கல்லுச் சுவர். பாவம், அது என்னட்டை வந்து சேர எவ்வளவு பாடுபட்டிருக்கும்!"

பிறகு செயலியை மாற்றி, சுற்றியுள்ள வைஃபைகளின் பெயர்களை வாசிக்க விட்டாள். கைபேசியின் ஒட்டாத குரல் சொல்லிக்கொண்டே போனது. தையல்கடை. முருகன் துணை. அம்மா வீடு. கேட்கக்கூடாது. மீண்டும் அம்மா வீடு, வேறொன்று. கோயில் மண்டபம். கடற்கரை வீடு. நான் ஹோலைச் சுற்றிப் பார்த்தேன். யன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வெறும் காற்றுக்குள் அயல் முழுவதும் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர்களின் பாட்டு, பரீட்சைப் பாடம், வெளிநாட்டுக் கதை எல்லாம் எங்கள் உடம்புக்குள்ளாலேயே போய்க்கொண்டிருந்தன. மாதா கோயில் செபத்தில் கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

"எல்லாரும் ஒரே ஒழுங்கையாலை நெரிபட்டுக்கொண்டு போகினம்," என்றாள் ஜெசிதா. "எங்கடையும் அதுக்கைதான். பக்கத்து ஒழுங்கை வெறுமனே கிடக்கு."

அவள் கணினியில் வைஃபை போகும் தடத்தை மாற்றினாள். எங்கள் வைஃபை வெறும் ஒழுங்கைக்குப் போனது. ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் உண்டாம். ஒன்று வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் களைத்துவிடும். மற்றது மெதுவானது, தடித்த சுவரையும் ஊடறுத்துப் போகும். தன் கணினியை அவள் மெதுவானதோடு சேர்த்தாள். குரலுக்கு அது தாராளம் என்றாள்.

பெட்டியைப் புதிதாக எங்கே வைப்பது என்றும் அவள்தான் காட்டினாள். சுருட்டி வைத்திருந்த ஃபைபர் கம்பியில் மிச்சம் இருந்தது. பிறேம் அதை மடங்காமல் சுவரோரமாகக் கொண்டுவந்து, ஹோலின் நடுச்சுவரில் உயரத்தில், பின்னறைக்குப் போகும் வாசலுக்கு நேரே ஒரு தட்டு அடித்து வைத்தார். ஜெசிதா கதிரையில் ஏறி நின்று அதன் அன்ரெனாக் கொம்புகளைத் தடவி நிமிர்த்திவிட்டாள். இரும்பு அலுமாரியை நானும் பிறேமும் தள்ளிக்கொண்டுபோய் முன்னறையில் விட்டோம். அது போன இடத்தை அவள் கைத்தடியால் தட்டித் தட்டி அளந்து பழகினாள்.

பின்னறையில் கைபேசி கீச்சென்று கூவியது.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்து வீட்டு றோஸ் அக்காவின் கணவர் கட்டாரில் வேலை. அக்கா ஒவ்வொரு பின்னேரமும் மதிலோரம் முருங்கைக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு, எங்கள் வைஃபையில் அவரோடு வீடியோவில் கதைப்பார். மாமியின் காலத்திலேயே கொடுத்த உரிமை அது. அக்காவிடமிருந்து வலை பின்னும் கொட்டில்வரை கடவுச்சொல் போயிருந்தது. இப்போது எல்லாரும் ஒரேயடியாக வெளியே நின்றார்கள்.

"நான் போய்ச் சொல்லுறன்," என்று ஜெசிதா தடியை எடுத்தாள். நானும் கூடப் போனேன்.

றோஸ் அக்கா படலையில் நின்றார். "மத்தியானத்திலை இருந்து சுத்துது, சுத்துது, பிடிக்குதில்லை. உங்கடை பெட்டி பழுதோ, பிள்ளை?"

"இல்லை அக்கா. நான்தான் பூட்டினனான்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இனி எனக்கு இல்லையோ?" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "அவரின்ரை முகத்தைப் பாக்கிறது இதாலைதான், ஜெசி."

"தெரியும் அக்கா. அதுதான் உங்களுக்கெண்டு புறம்பா ஒண்டு திறந்திருக்கிறன். அதுக்கு வேறை பேர், வேறை கடவுச்சொல். எங்கடை வளவுக்கையே உங்களுக்கு ஒரு தனி வீடு மாதிரி. நீங்கள் அதுக்கை நிண்டு கதைக்கலாம். எங்கடை பக்கத்துக்கு வரேலாது, நாங்களும் உங்கடை பக்கத்தை எட்டிப் பாக்கமாட்டம். வேகம் மட்டும் கொஞ்சம் அளவா வைச்சிருக்கிறன், நான் வேலை செய்யிற நேரம் எனக்கும் வேணுமெல்லே."

"அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளை இரண்டு வீடோ?"

"ஓம். வேணுமெண்டால் இன்னும் ஒண்டும் கட்டலாம்."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "கொட்டில் ஆக்களுக்கு நான் இனிக் குடுக்கமாட்டன், பிள்ளை. சத்தியமா," என்றார்.

"குடுங்கோ அக்கா. அதுக்குத்தானே அது. ஆனால் மாதா மாதம் கடவுச்சொல் மாத்துவன், அப்ப ஆர் ஆருக்குக் குடுத்ததெண்டு நீங்கள்தான் நினைவிலை வைச்சிருக்க வேணும்."

இணைப்பைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமையே அவர்கள் ஜெசிதாவுக்கு மீண்டும் அழைப்புத் தரத் தொடங்கினார்கள். முதலில் சிறிய அழைப்புகள். மருந்துச் சீட்டு, அடுத்த தவணை, அப்படியானவை என்று நினைக்கிறேன், சட்டென்று முடிந்துவிடும். ஒன்றும் அறுபடவில்லை. மழை பெய்த நாளிலும் அறுபடவில்லை. ரவுட்டருக்குக் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற சின்ன பற்றரி ஒன்றைப் பிறேம் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் உள்ளே போனவள் வெகுநேரமாக வரவில்லை. நான் பின்வளவில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போனேன். பின்னறை யன்னல் சாத்தியிருந்தது. இருந்தும் அவளுடைய குரல் உயர்ந்து கேட்டது. அவள் அப்படிச் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

"மூச்சை இழுங்கோ... பிடியுங்கோ... இப்ப தள்ளுங்கோ, தள்ளுங்கோ!"

எனக்குக் கேட்க உரிமையில்லாத கதை அது. உடுப்புகளை வாரிக்கொண்டு ஓடி ஹோலுக்குள் வந்தேன். மேசையில் அவற்றைப் போட்டு மடிக்கத் தொடங்கினேன். கை மடித்தது, காது பின்னறைப் பக்கமே நின்றது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்தச் சொற்களுக்கு மறுமுனையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு ஊரில், ஆங்கிலம் விளங்காத ஒரு பெண், தன் தாயின் மொழியில் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

எவ்வளவு நேரம் போனதோ. பின்னறைக் கதவு திறந்தது. ஜெசிதாவின் காதுகள் ஹெட்ஃபோன் அழுத்திச் சிவந்திருந்தன. சட்டை முதுகில் நனைந்திருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், ஒண்டும் கேக்காதேங்கோ."

"நான் கேக்கேல்லை, ஜெசி."

அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்து சிரிப்பானது. அந்தச் சிரிப்பு எனக்குப் போதும்.

"லைன் ஒருக்காலும் விக்கேல்லை," என்றாள். "கடைசி வரைக்கும்."

தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த அழைப்புக்கு அவள் உள்ளே போனாள். நான் மடித்த உடுப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி ஹோலின் நடுவிலேயே நின்றேன். ஒரு குழந்தையின் முதல் அழுகை சற்று முன்னர் கடலுக்கு அடியால் வந்து, வீதிக் கம்பத்தில் ஏறி, எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, இந்த ஹோலைக் கடந்து போயிருக்கிறது. நான் துவாய் மடித்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில், என்னைத் தொட்டுக்கொண்டு, ஒருவேளை எனக்குள்ளாலேயே போய், அந்தக் கல்லுச் சுவரைத் துளைத்து அவளுடைய காதில் விழுந்திருக்கிறது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் ஆரோ பெற்ற அந்தப் பிள்ளைக்காக அங்கேயே நின்று ஒரு சின்ன செபம் சொன்னேன்.